எந்த ஆண்டின் பச்சை

அப்புத்தளை

அப்புத்தளைக் கடைத்தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் பள்ளம். வானம் வெளித்திருந்தால் தெற்கே கடற்கரை வரை தெரியும் என்றார் தேநீர்க்கடைக்காரர். நான் நின்ற நேரம் முழுக்கத் தெரிந்தது வெண்புகார்தான். இஞ்சி போட்ட பிளேன்டியும் கைசுடும் உளுந்து வடையும் அந்தக் குறையைச் சரிக்கட்டின. யாழ்ப்பாணத்தானுக்கு இந்த ஊரில் முதலில் தடுமாறுவது கால். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் மதகு. இறக்கம் என்றால் அதே மதகின் மறுபக்கம்.

கடைக்கு எதிரே ஒரு லாண்ட்ரோவர் உரமூட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றது. முன்விளக்குகள் ஓரத்து மட்காட்டில் இல்லாமல் நடுவலையை ஒட்டியிருந்தபடியால் 1960களின் கடைசிக்கு முந்திய வண்டி. பொடியில் நசுங்கல் உண்டு, துரு இல்லை. அலுமினியக் கலவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு. ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இந்த வண்டியையே யோசித்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. ஆரம்ப வண்டிகளுக்கு அடித்த இளம்பச்சை கூட விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சிய பெயின்ற் என்பார்கள். ஆக, தோட்டத்துத் துரைமார் ஏறித் திரிந்த லாண்ட்ரோவர் யுத்தத்தின் மிச்சத்தில் பிறந்த பிள்ளை.

சாரதி அறுபதைத் தாண்டியவர்.

“அண்ணை, இது எந்த வருசத்து வாகனம்?”

“அது தெரியாதுங்க. தொரைமாரு காலத்துல இருந்து கெடக்கு. சேசிய ரெண்டு தடவ வெட்டி ஒட்டியாச்சு. இன்ஜின் வேற போட்டிருக்கு. கியர்பொக்ஸும் மாத்தியாச்சு. மத்தபடி அதே வண்டிதான்.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன். மூட்டையோடு மூட்டையாக இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தம்பத்தன்னைப் பக்கம் ஏறும் அந்தக் குறுகலான தார் வீதியில் புகாருக்குள் போய் மறைந்தார். 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய மலைகள் அவை. பழைய வாகனங்களைப் பேணுவது ஒரு பொழுதுபோக்கு என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்னை ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்.

நான் வந்ததோ அந்தப் பொழுதுபோக்கைப் பார்க்கத்தான். பேராதனையில் என்னோடு படித்தவன், மலையகத்தான், இப்போது பதுளையில் கணித ஆசிரியன். சில வருடங்களாக ஒரு பழைய இராணுவ ஜீப்பைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். “ஸ்டார்ட் ஆயிருச்சு மச்சான், வா” என்று ஒருநாள் சொன்னான்.

தியத்தலாவை

ரயில் இறங்கத் தொடங்கியதும் தேயிலை பின்வாங்குகிறது. பத்தனைப் புல்வெளி, யூக்கலிப்டஸ், பைனஸ், இடையிடையே தகரக் கூரை, முள்வேலி. தியத்தலாவை நூற்றிருபது வருடத்துக்கு மேலாகப் படைமுகாம். 1900இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு நடந்த போரில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்தப் புல்வெளியில்தான் அடைத்தார்கள், ஐயாயிரம் பேரளவில். தோட்டத் துரைமார் தமக்கென்று ஒரு துப்பாக்கிப் படை அமைத்ததும் அதே 1900இல்தான். அந்தப் போருக்கும் ஆள் அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஏங்கல்பிரெக்ட் என்ற ஒருவர் மாட்டேன் என்றார். திரும்ப முடியாமல் அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கி, யால காட்டுக்குக் காவலராகி, இந்த நாட்டிலேயே செத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை அடைத்தார்கள். ஞானதிலோக, ஞானபொனிக்க என்ற ஜெர்மன் பிக்குமாரும் அந்த வேலிக்குள் இருந்தார்கள். இப்போது இலங்கை இராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சி பெறும் கழகம்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஓர் இராணுவ ட்ரக் கியர் மாற்றி ஏறிய சத்தம் கேட்டது. என் தோள் தானாகக் குறுகியது.

எங்கள் தலைமுறை யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு இன்ஜின் ஒலி ஒரு பாடம். 1987இல் வந்த இந்தியப் படையின் சக்திமான் லொறி ஒரு மாதிரி உறுமும், ஜொங்கா ஜீப் இன்னொரு மாதிரி. பிறகு இலங்கைப் படையின் பவள் கவச வாகனம். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்க வேலியால் பாய்வது என்பது எங்களுக்கு வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும். பவளும் தென்னாபிரிக்கச் சரக்குத்தான். அந்த நாட்டிலிருந்து இந்த மலைக்கு முதலில் கைதிகள் வந்தார்கள். எண்பது வருடம் கழித்து எங்கள் ஊருக்குக் கவச வண்டி வந்தது.

உலகத்தின் மற்றப் பக்கத்தில் இது வேறு கதை. நேசப்படைகள் கரையிறங்கிய ஜூன் 6ஆம் திகதியை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் நோர்மண்டிக் கடற்கரை வீதிகளில் பழைய ஜீப்புகள் நூற்றுக்கணக்கில் ஊர்வலம் போகும். ஓட்டுகிறவர்கள் தாத்தாமாரின் சீருடையைத் தைத்துப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் படை வாகனங்களைப் பேணுகிறவர்களின் சங்கம் 1976 முதல் இயங்குகிறது. நோர்மண்டிக்காரருக்கு ஜீப் விடுதலையோடு வந்தது. ஆகவே துடைத்துப் பளபளப்பாக்கி முத்தமிடலாம். எனக்கு அந்த ஆசை வராது. நண்பனுக்கு ஏன் வந்தது என்பதுதான் என் கேள்வி.

பண்டாரவளை

நண்பன் இங்கே வந்து காத்திருந்தான். பிலாக்காய்க் கறி, பருப்பு, கட்டச் சம்பல், பொரித்த கருவாடு. எங்கள் வறுத்த தூளின் கறுப்பும் காரமும் இல்லாத கறிகள். ஆனால் அந்தக் கட்டச் சம்பல் ஒன்றே போதும், கண்ணில் தண்ணீர் வரவைக்க.

சாப்பிட்டதும் பழைய இரும்புக் கடை ஒன்றுக்குள் நுழைந்தான். நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. அவனுக்கு வேண்டியது போல்ட்டு. ஜீப் முழுவதும் அங்குலக் கணக்கில் வெட்டிய நெருக்கமான புரி. இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் மில்லிமீற்றர். கடைக்காரர் ஒரு கிறீஸ் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். இவன் தரையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக ஒரு நட்டுக்குள் திருகிப் பார்த்தான். இரண்டு சுற்றில் இறுகினால் எறிந்தான். நாலைந்து தேறின. கடைக்காரர் காசு வாங்கவில்லை. “அந்த ஜீப்புக்குத்தானே சேர், கொண்டு போங்க” என்றார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

பண்டாரவளைக்கு ரயில் 1894இல் வந்துவிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. இடையிலுள்ள முப்பது மைலுக்கும் குறைந்த மலைக்கு அவ்வளவு காலம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் இறங்கி எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 1921இல் முடிந்த பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும். இரும்பெல்லாம் முதல் உலகப் போருக்குப் போய்விட்டதால்தான் இரும்பில்லாமல் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. உண்மையோ பொய்யோ, போரும் இரும்பும் இந்த மலையில் எல்லாக் கதைக்குள்ளும் வந்து நிற்கின்றன.

பதுளை

பாதையின் கடைசி ஸ்டேஷன். மலைநாடு என்று கம்பளி போட்டு வந்தவனுக்குப் பதுளைப் பள்ளத்தாக்கில் வேர்த்துக் கொட்டும். முத்தியங்கனை விகாரையைத் தாண்டி, பதுளு ஓயாவின் பக்கமாக ஒரு சந்து. சந்தின் முடிவில் தகரக் கொட்டகை. அதற்குள் ஜீப்.

முதல் பார்வைக்குச் சிறியது. சினிமாவில் பார்த்துப் பெரிதாக நினைத்துவிடுகிறோம். கதவு கிடையாது. ஸ்டியரிங் இடப்பக்கம். பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்துக்கு நேர் அடியில். 2.2 லீற்றர், 60 குதிரைவலு, மின்சாரம் 6 வோல்ட். முகப்பில் ஒன்பது பிளவு. 1941இலிருந்து 1945 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய ஆறரை லட்சம் செய்து தள்ளிய வண்டி. வில்லிஸ் கம்பனியால் தனியே ஈடுகொடுக்க முடியாமல் ஃபோர்டும் அதே வரைபடத்தில் செய்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது இந்தத் தீவில் ஜீப் நிறையவே ஓடியது. நாங்கள் காதலிக்க இடம் தேடித் திரிந்த அதே பூங்கா. போர் முடிந்ததும் மிஞ்சிய ஜீப்புகள் தோட்டங்களுக்கு ஏறின. குதிரையில் மலை பார்த்த துரைக்கு அது வரப்பிரசாதம்.

“இது வில்லிஸா, ஃபோர்டா?” என்றேன், எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட.

மெக்கானிக் பாஸ் எழுந்து வந்தார். சிங்களவர், எழுபது வயதிருக்கும், தோட்டத்து வாகனங்களின் அடியில் கிடந்தே காலம் கழித்தவர். நல்ல மலையகத் தமிழ் பேசுகிறார். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் முன் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டின் தலையைத் தேய்த்தார். கறுப்புக் கிறீஸ் போய், கீழே பழுப்பு, அதற்கும் கீழே சின்னதாக ஓர் எஃப் எழுத்து. ஃபோர்டு தன் வண்டியின் போல்ட்டுக்கெல்லாம் அந்த எழுத்தைக் குத்தியது. வில்லிஸ்காரன் செய்ததோடு கலந்துவிடக் கூடாதாம். பிறகு குனிந்து ரேடியேற்றருக்குக் கீழே குறுக்குச் சட்டத்தைக் காட்டினார். வில்லிஸ் என்றால் உருண்டைக் குழாய். இது கவிழ்த்த பீலி. ஃபோர்டு.

“ஆனா பின்னாலப் பாருங்க” என்று இன்னொரு போல்ட்டைத் தேய்த்தார். எழுத்து இல்லை. “அது வில்லிஸ். அந்தப் பக்கம் மஹிந்திரா. இந்தத் துண்டு நான் அடிச்சது.” இந்தியாவில் மஹிந்திரா 1940களின் இறுதியிலிருந்து வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்றதால் சாமான் கோயம்புத்தூர், டில்லி என்று எங்கிருந்தாவது வந்து சேர்கிறது. பிலிப்பைன்ஸில் முழுப் பொடியையே புதிதாகச் செய்து தருகிறார்கள். 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய தகரத்துக்கெல்லாம் பொன் விலை வந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் தோட்டங்களின் பின்புறங்களைக் கிளறத் தொடங்கினார்கள். நண்பனின் ஜீப்பையும் இரண்டு பேர் கேட்டு வந்துவிட்டுப் போனார்களாம்.

நண்பன் வலப்பக்கத் தகட்டில் ஓர் இடத்தைக் காட்டினான். அரத்தாளால் வட்டமாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்படி விட்டிருந்தான். வெட்டிய மரத்தின் குறுக்குமுகம் போல. மேலே நீலம்: கடைசியாக வைத்திருந்த மரக்கறி வியாபாரி அடித்தது. அதன் கீழே சிவப்பு. பிறகு ஒரு பச்சை. பிறகு சற்று வேறான இன்னொரு பச்சை. சாம்பல் அடிப்பூச்சு. எல்லாவற்றுக்கும் அடியில், நகக்கண் அளவுக்கு, மங்கிய ஒலிவ்.

“கொழும்புக்காரங்க எல்லாம் அந்தக் கடைசியத்தான் கேக்குறாங்க. ஒலிவ் அடி, பொனட்டுல வெள்ள நட்சத்திரம் போடு, பின்னால இருக்கிற கொக்கியெல்லாம் அறுத்து எறி, அப்பதான் ஒரிஜினல்னு.”

பின்பக்கம் இரண்டு விளிம்பிலும் கையால் வளைத்து ஒட்டிய இரும்புக் கொக்கிகள். கொழுந்துச் சாக்குத் தொங்கவிட. அவற்றை ஒட்டவைத்தவர் நண்பனின் அப்பா. நமுனுகலை மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய துரையின் சாரதி. 1950களிலிருந்து இந்த ஜீப்பை ஓட்டியவர்.

உள்ளேயிருந்து ஒரு படம் கொண்டுவந்தான். கறுப்பு வெள்ளை. ஜீப்புக்கு முன்னால் துரை, துரைசாணி, ஒரு நாய். படச் சட்டத்தின் ஓரத்தில், ஸ்டியரிங்கின் மேல், சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு முழங்கை.

“அதுதான் அப்பா.”

ஜீப்புக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இலக்கம். இலக்கப் பலகையில் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராகத் தமிழர் தார்ச்சட்டியோடு இறங்கிய 1958க்கு முந்திய பலகை. டெற்றோயிட்டுக்காரனின் வண்டிக்கு இலங்கைப் பதிவு கிடைத்துவிட்டது. ஓட்டியவருக்குக் கிடைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். அவருடைய இரண்டு தம்பிமார் கப்பலேறினார்கள். இவர் இங்கேயே விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்தார். 1988இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கையில் ஒரு தாள். அதற்குள் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடமையாகி, வெள்ளைத் துரைமார் போய், லாண்ட்ரோவர்கள் தேய்ந்து, ஜீப் ஸ்டோருக்குப் பின்னால் வேலியோரம் மரம் முளைத்துக் கிடந்தது. பிறகு கழிவிரும்பாக விலைப்பட்டு, பல கை மாறி, கடைசியில் பசறைச் சந்தையில் கோவா ஏற்றிக்கொண்டு நின்றபோது நண்பன் அந்தக் கொக்கிகளைக் கண்டான்.

என் கேள்விக்கு அதில் பதில் இருந்தது. யுத்த வண்டி என்பதால் அவன் அதை வைத்திருக்கவில்லை. சில வருட யுத்தத்துக்கு மேல் இருபத்தைந்து வருடத் தேயிலை ஏறியிருக்கிறது. எந்த ஆண்டுக்குத் திருப்புவது என்பதுதான் பழைய வாகனக்காரர்களின் தீராத வழக்கு. வெள்ளை நட்சத்திரக் கட்சிக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பொருள் எப்படிப் பிறந்தது என்று அறிய ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அந்தக் கொக்கிகளை அறுத்தால் இந்த ஜீப்புக்கும் ஓகையோவில் நிற்கிற ஜீப்புக்கும் என்ன வித்தியாசம்? ஆறரை லட்சத்தில் ஒன்றாகிவிடும். நான் பச்சைக் கட்சி. சிக்கல் என்னவென்றால் எந்தப் பச்சை? இரண்டு இருக்கிறதே. படமோ கறுப்பு வெள்ளை. பாஸ் ஒரு பச்சை என்கிறார், நண்பனின் அம்மா இன்னொரு பச்சை என்கிறார். “கொழுந்து நெறம் இல்ல, முத்தல் எல நெறம்” என்று அம்மா உள்ளே இருந்தே சொன்னார். அத்தோடு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டி. அடுப்படியில் இருந்து பேசினோம். அவன் 1990களின் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டான். பெற்றோல் தடையில் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் எப்படி மண்ணெண்ணெயில் ஓடின என்று. சொன்னேன்: ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல், சில துளி கார்பரேற்றருக்குள், சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறும், கறுப்புப் புகை, கண் எரியும், ஆனால் ஓடும். பிள்ளைப்பேற்றுக்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான். எங்கள் ஊர் மெக்கானிக்மாருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்ததில்லை. பாஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வால்வு எரியாதா?”

“எரியும். பிறகு அரைச்சுப் போடுவினம்.”

தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அன்று நான் கண்ட ஒரே மரியாதை அதுதான்.

ஸ்பிரிங்வெளி வீதி

காலையில் ஜீப்பை வெளியே எடுத்தார்கள். முன் பம்பருக்கு ஊடாகக் கைப்பிடியைச் செருகிப் பாஸ் அரைச்சுற்றுச் சுழற்றினார். இருமியது. இரண்டாவது அரைச்சுற்றில் பிடித்தது. சத்தம் நான் பயந்த அளவுக்குக் கரடுமுரடு இல்லை. தையல் மெஷின்காரர்கூடப் பொறுத்துக்கொள்வார்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறத் தொடங்கியதும் வண்டியின் பிறவிக்குணம் தெரிந்தது. கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கம்புகள். ஒன்றைப் போட்டால் முன்சில்லுக்கும் இழுவை போகும். மற்றதைப் போட்டால் வேகம் பாதியாகி வலு இரட்டிக்கும். தார் முடிந்து கல்லுப் பாதை வந்தபோது நண்பன் இரண்டையும் போட்டான். ஜீப் அவசரமே இல்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில், செங்குத்தில் ஏறியது. நமுனுகலை முகடு மேகத்துக்குள் நின்றது. 2,000 மீற்றருக்கு மேல். கீழே லயங்களின் தகரக்கூரை வரிசை, ஒரு கோயில், பிரட்டுக்களம்.

ஒரு வளைவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் கூடையை இழுத்து நேராக்கினார்கள். கிட்டப் போனதும் ஒரு வயதான அம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

“அடப் பாவிகளா, தொரை வண்டின்னு நெனச்சிட்டோம்! அந்தக் காலத்துல இந்தச் சத்தம் கேட்டாலே வெத்தலையத் துப்பிட்டு நெரைக்குள்ள ஓடுவோம்.”

“இது எங்கப்பா ஓட்டுனது அம்மா.”

“உங்கப்பாவா? அவரு வளைவுக்கு முன்னாலயே ரெண்டு ஹோர்ன் அடிச்சிருவாரு. தொரை வாறாருன்னு எங்களுக்குச் சொல்ல.”

நண்பன் இதைக் கேள்விப்பட்டதில்லை. ஹோர்ன் இன்னும் பூட்டவில்லை. வயர் இழுத்து விட்டிருக்கிறான், அவ்வளவுதான். அந்த அம்மா, “ஹோர்ன் எங்கே?” என்று கேட்டார். 6 வோல்ட் ஹோர்ன் தேட வேண்டும் என்று பாஸிடம் சொன்னான். பாஸ், முதலில் பிரேக் சில்லிண்டர் ரப்பரைத் தேடு என்றார். சொன்னது சரி. இறக்கத்தில் டிரம்மெல்லாம் காய்ந்து மணத்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு தடவை ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டான்.

இன்ஜின் அடிவேகத்தில் குதிப்பதற்குக் காரணம் இப்போது பூட்டியிருப்பது ஏதோ ஜப்பான் காரிலிருந்து கழற்றிய கார்பரேற்றர். சொந்தச் சாமான், கார்ட்டர் கம்பனியுடையது, ஒரு பால்மா டின்னுக்குள் கிடக்கிறது. தட்டின் அச்சு தேய்ந்து காற்று இழுக்கிறது. புறப்படும்போது பாஸ் அந்த டின்னை என் பைக்குள் வைத்தார். மண்ணெண்ணெய்க்காரர்களிடம் காட்டச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அப்படி ஒரு ஐயா இன்னும் வேலை செய்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கார்பரேற்றரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அச்சை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார்.

“இது ஆமியின்ரையோ?”

“முதலில் ஆமி. பிறகு தேயிலைத் தோட்டம்.”

“பித்தளையில புஷ் கடைஞ்சு போடலாம். பத்து நாள் செல்லும்” என்றார். பிறகு, “நல்ல சாமான். ஆர் இதைக் கழட்டி டின்னுக்குள்ள போட்டது?” என்று கோபித்துக்கொண்டார்.